சம்பளமில்லாத உத்தியோகம்

கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலே மேய்க்க வேண்டும் என்று சொல்லிப் பிள்ளைகளை வளர்த்த சமூகம் நம்முடையது. மாத முடிவிலே சம்பளம், முதுமையிலே இளைப்பாற்றுச் சம்பளம் ஆகிய இரண்டும் இல்லாத தொழிலைத் தொழிலென்று ஒப்புக்கொள்ள நமக்கு மனம் வருவதில்லை. உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் அண்மையில் என்னிடம், "விளையாட்டுகளையும் மலையேற்றம் போன்ற சாகசங்களையும் படமெடுத்து விற்றுச் சீவிக்க முடியுமா, ஐயா?" என்று கேட்டான். சில நாட்களின் பின் அவனுடைய தகப்பனாரும் அதே கேள்வியை வேறு குரலிலே கேட்டார். எந்த ஸ்தாபனத்திலும் சம்பளத்துக்கு அமராது, தாமே படமெடுத்துத் தாமே விற்று வாழும் இத்தகையோரைச் சுயாதீனப் படப்பிடிப்பாளர் என்கிறோம். அவ்வாறு வாழ்ந்து மறைந்த ஒருவருடைய வரலாற்றையே இருவருக்கும் விடையாகக் கூறினேன். வாசகர்களுக்கும் அது பயன்படலாம்.

கேலன் றோவெல் 1940ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே பிறந்தவர். தகப்பனார் பல்கலைக்கழக ஆசிரியர். தாயார் செலோ என்னும் நரம்பு வாத்தியத்தைக் கற்பிப்பதிலே பெயர் பெற்றவர். கல்வியும் கலையும் குடிகொண்ட இல்லத்தில் வளர்ந்த இப்பிள்ளை, பல்கலைக்கழகப் படிப்பை இடையிலே விட்டு, மோட்டார் வண்டி திருத்தும் கராச் ஒன்றை நடத்தலானார். வார நாட்களிலே கையெல்லாம் கிறீஸ். வார இறுதியிலே யொசெமிற்றிப் பள்ளத்தாக்கின் கருங்கற் பாறைகள். அந்தத் தகப்பனாரின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்று, நானும் ஓர் ஆசிரியனாகையால், எண்ணிப் பார்ப்பதுண்டு.

பாறை ஏறச் செல்லும்பொழுது சிறு கமரா ஒன்றையும் கொண்டு செல்வது அவர் வழக்கம். தாம் மேலே கண்டவற்றைக் கீழே உள்ள உற்றாருக்கும் நண்பருக்கும் காட்டவேண்டும் என்பதே தொடக்கத்தில் அவருக்கிருந்த ஆசை. இவ்வாறு பல்லாண்டுகள் பழகிய பின்னரே, 1972இல், 32 வயதளவில், கராச்சை விற்றுவிட்டுப் படப்பிடிப்பையே முழுநேரத் தொழிலாக்கிக் கொண்டார். ஒரு நாள் காலையில் எழுந்து எடுத்த முடிவன்று இது என்பதைப் பெற்றோரும் பிள்ளைகளும் கவனித்தல் வேண்டும்.

அடுத்த ஆண்டே அவருக்கு வாய்ப்பு வந்தது. யொசெமிற்றியிலே ஹாவ் டோம் என்றொரு மலை உண்டு. அதன் வடமேற்கு முகம் ஏறத்தாழ 2,000 அடி உயரம் செங்குத்தாக நிற்பது. முன்னாளில் மலையேறுவோர் பாறை வெடிப்புகளிலே இரும்பு ஆப்புகளைச் சுத்தியலால் அறைந்து, அவற்றிலே கயிற்றை மாட்டி ஏறினர். அறைந்தும் பிடுங்கியும் வந்த ஆப்புகளாற் பாறை புண்பட்டுப் போயிற்று. 1973இல் றோவெலும், டெனிஸ் ஹெனெக், டக் றொபின்சன் என்னும் தோழர் இருவரும் ஓர் ஆப்பேனும் அடிக்காமல், வெடிப்புகளிலே கையாற் செருகிப் பின் கையாலேயே கழற்றத்தக்க உலோகக் கட்டைகளைக் கொண்டு அம்முகத்தை ஏறி முடித்தனர். 1974 யூன் மாத நஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகை அதனை முகப்புக் கட்டுரையாக வெளியிட்டது. அச்சஞ்சிகைக்குத் தேர்ந்த படப்பிடிப்பாளர் இல்லாமலா போயிற்று? இருந்தும் என்ன! பாதிப் பாறையிலே கயிற்றில் தொங்குபவனின் முகத்தில் உள்ள களைப்பை, நிலத்திலே நிற்பவன் எவ்வளவு பெரிய வில்லையைப் பொருத்தினாலும் பிடிக்க முடியாது. அவனுக்குப் பக்கத்திலே தொங்குபவனே பிடிக்க முடியும். றோவெல் மலையேறக் கற்ற படப்பிடிப்பாளர் அல்லர். படமெடுக்கக் கற்ற மலையேறி. இத்தொழிலில் நுழைய விரும்பும் இளைஞர் பலர் கமராவின் விலையைத்தான் முதலில் விசாரிக்கின்றனர். நீந்தத் தெரியுமா, ஓடத் தெரியுமா, குளிரிலே இரவு தங்கியதுண்டா என்று அவர்களை யாரும் கேட்பதில்லை.

உபகரணத்தையும் அவர் காலுக்கு ஏற்பவே தெரிந்தெடுத்தார். மலைக் காட்சிகளை எடுத்த முன்னைய பெரியோர் பலர் முக்காலியில் நிறுத்தும் பெரிய கமராக்களைப் பயன்படுத்தினர். இவரோ 35 மில்லிமீற்றர் பிலிம் கொண்ட சிறிய நிக்கோன் கமராவை மார்போடு கட்டிக்கொண்டு ஓடினார். அக்காலத்துக் கொடக்குறோம் போன்ற சிலைட் பிலிமிலே ஒளியளவு சிறிது பிழைத்தாலும் படம் கெடும். ஒரு சுருளில் 36 படங்கள். வீடு திரும்பிக் கழுவும் வரை எது தேறியது என்று தெரியாது. பனிமுடியிலே வெயில், பள்ளத்தாக்கிலே நிழல் என்றால், நம் கண் இரண்டையும் ஒருங்கே காணும்; பிலிம் காணாது. இதற்காக மேற்பாதி கருமையாயும் கீழ்ப்பாதி தெளிவாயும் அமைந்த கண்ணாடித் தகடுகளை வில்லையின் முன் வைத்து, வானத்தின் ஒளியைக் குறைத்து எடுப்பார். இன்று விநாடிக்கு 20 படங்கள் எடுக்கும் கமராக்கள் உண்டு. எடுத்தவுடன் பார்க்கவும் முடிகின்றது. ஆயினும் எங்கே போய் நிற்பது என்பதை அவை சொல்லித்தரா.

அதற்கு 1981இல் திபெத்தின் தலைநகராகிய லாசாவிலே அவர் எடுத்த படமே போதிய சான்று. ஒரு மாலையில் வானவில் ஒன்று தோன்றியது. மாணவர் அறிவர்: வானவில் ஓரிடத்திலே கட்டிவைத்த பொருளன்று. சூரியனுக்கு நேர் எதிர்த்திசையிலிருந்து ஏறத்தாழ 42 பாகைக் கோணத்திலே அது ஒவ்வொருவர் கண்ணுக்கும் தனித்தனியே தோன்றும். நாம் நகர்ந்தால் அதுவும் நகரும். பௌதிக வகுப்பிலே இதைப் படித்து, பரீட்சையிலே எழுதி, மறந்துவிடுகிறோம். றோவெல் மறக்கவில்லை. தாம் இன்ன இடத்துக்குப் போனால் வானவில்லின் அடி பொற்றாலா மாளிகையின் மேல் வந்து நிற்கும் என்று மனத்திலே கணக்கிட்டு, உடன் வந்தவர் பலர் தங்கியவிடத்திலே நின்றுவிட, அவர் ஓடினார். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,650 மீற்றர் உயரம். நடந்தாலே மூச்சு வாங்கும் ஊர். ஓடிப் போய் எடுத்த அப்படம் அவருடைய படங்கள் எல்லாவற்றிலும் பெயர் பெற்றதாயிற்று. பார்த்தவர் சிலர், இரண்டு படங்களை ஒட்டிச் செய்த வேலையோ என்று ஐயுறும் அளவுக்கு அது பொருந்தி நின்றது.

விளையாட்டரங்கிலே இவ்வாறு ஓட முடியாது. அங்கே இடம் குறித்துத் தரப்படும். அதன்பின் எல்லாம் அதிர்ஷ்டமும் ஆயத்தமும். நியூயோர்க்கிலே பிறந்த நீல் லைபர் என்பவர் சிறுவனாயிருந்தபொழுது, முன்னாள் போர்வீரரின் சக்கர நாற்காலிகளைத் தள்ளிச் செல்லும் உதவியாளனாக உதைபந்தாட்ட மைதானத்தின் ஓரத்துக்குச் செல்லும் வழியைக் கண்டுபிடித்தார். 1958 டிசெம்பர் 28ஆம் நாள், அவருடைய பதினாறாவது பிறந்தநாளன்று, அமெரிக்க உதைபந்தாட்ட இறுதிப் போட்டியில் வெற்றியைத் தந்த ஓட்டத்தை அவ்வாறு நின்றே படமெடுத்தார். 1965 மே 25இல் முகம்மது அலி, விழுந்து கிடக்கும் சொனி லிஸ்ரனுக்கு மேலே கையை மடக்கி நின்று கர்ச்சிக்கும் படமும் அவருடையதே. அப்படத்தை உற்று நோக்கினால், அலியின் கால்களுக்கிடையே எதிர்ப்பக்கத்தில் இன்னொரு படப்பிடிப்பாளர் தெரிவார். அவர் ஹேர்ப் ஷார்ப்மன். அனுபவத்திலே லைபருக்கு மூத்தவர். பாவம், அந்தக் கணத்தில் அவர் கண்டது அலியின் முதுகை!

வருவாய்க்கு வருவோம், தகப்பனார் கேட்டதும் அதுவே. சுயாதீனப் படப்பிடிப்பாளன் பிலிமும் பிரயாணமும் உபகரணமும் தன் கைப்பணத்தால் வாங்குகிறான். காய்ச்சல் வந்தாற் சம்பளத்தோடு லீவு இல்லை. கால் முறிந்தாற் கம்பனி வைத்தியம் இல்லை. இவற்றுக்கு ஈடாக அவனிடம் இருப்பது ஒன்றுதான்: படம் அவனுடையது. சம்பளத்துக்கு எடுத்த படம் எசமானருக்குச் சொந்தம். அமெரிக்கச் சட்டத்தின்படி, வேறு வகையாக எழுதிக் கொடுத்தாலன்றி, சுயாதீனமாக எடுத்த படத்தின் பதிப்புரிமை எடுத்தவனிடமே தங்கும். ஒரே படத்தைச் சஞ்சிகைக்கும் நாட்காட்டிக்கும் நூலுக்கும் சுவரிலே மாட்டுவதற்கும் அவன் பலமுறை விற்கலாம். றோவெலின் மனைவி பார்பரா இவ்வியாபாரத்தைத் திறம்பட நடத்தினார். கணவரோ எழுதவும் வல்லவர். 1975இல் உச்சியை எட்டாமலே திரும்பிய கே2 மலைப் பயணத்தைப் பற்றி 1977இல் ஒரு நூல், ஒளியும் மலையும் பற்றி 1986இல் இன்னொரு நூல், சஞ்சிகையிலே தொடர் பத்தி என்று அவர் பேனா ஓயவில்லை. எழுதத் தெரியாத படப்பிடிப்பாளன் சம்பாத்தியத்திலே பாதியை இழக்கிறான் என்பது என் எண்ணம். மொழிப்பாட வேளையிலே சன்னலுக்கு வெளியே பார்த்திருக்கும் மாணவருக்கு இதைச் சற்று அழுத்தியே சொல்வேன்.

காரக்கோரத்திலும் இமயத்திலும் தப்பிய இவர், 2002 ஓகஸ்ட் 11ஆம் நாள் அதிகாலையில், தம் ஊராகிய பிஷப் நகருக்கு வாடகை விமானத்திலே திரும்பும்பொழுது, விமான நிலையத்தை அண்மித்த வேளையில் அது வீழ்ந்து மாண்டார். மனைவியும் உடன் மாண்டார். அப்போது அவருக்கு வயது 61. மலையை விடப் பிரயாணமே இத்தொழிலில் அடிக்கடி நேர்வது. பிள்ளைக்காக அஞ்சும் பெற்றோர் இதையும் கணக்கிலே சேர்க்க வேண்டும்.

தன் உயிரை ஒருவன் பணயம் வைப்பது அவன் விருப்பம் எனலாம். பிறன் உயிர்? அலெக்ஸ் ஹொனல்ட் என்பவர் யொசெமிற்றியில் சுமார் 3,000 அடி உயரமுள்ள எல் கப்பிற்றான் பாறையைக் கயிறின்றித் தனியே ஏற எண்ணியபொழுது, அதனைச் சலனப்படமாக்க முன்வந்தவர் ஜிம்மி சின். தாமும் தேர்ந்த மலையேறி, ஹொனல்டின் நண்பர். அவரை வாட்டிய கேள்வி ஒன்று: நாம் பார்த்துக்கொண்டு நிற்பதாலேயே அவன் மனம் சிதறி விழுந்தால்? 2016 இலையுதிர் காலத்திலே ஹொனல்ட் சிறிது தூரம் ஏறிவிட்டு, மனம் ஒப்பாது திரும்பினார். சின் தம் குழுவிலே மலையேறத் தெரிந்தவரையே சேர்த்துக்கொண்டார். திரும்பிப் போக விரும்பினால் ஏன் என்று எவரும் கேட்கலாகாது. பாறையிலே மிகக் கடினமான இடத்தில் மனிதர் எவரையும் நிறுத்தாது, தூரத்திலிருந்து இயக்கும் கமராக்களை மட்டும் வைத்தனர். 2017 யூன் 3ஆம் நாள் 3 மணி 56 நிமிடத்திலே ஹொனல்ட் உச்சியை அடைந்தார். படம் 2019இல் சிறந்த விவரணப் படத்துக்கான ஒஸ்கார் பரிசைப் பெற்றது. அதனைக் காண்போர், கீழே நிலத்திலே நெடுந்தூர வில்லையோடு நிற்கும் படப்பிடிப்பாளர் ஒருவரையும் கவனிக்க வேண்டும். நண்பன் அக்கடினமான இடங்களைக் கடக்கும்பொழுது, கமராவை ஓடவிட்டுவிட்டு, பார்க்க மாட்டாமல் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார்.