அப்பீலுக்கு 14 நாள்

கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர் தோட்டங்களில் ஒருவருக்குத் தண்டனை விழுந்தால், "தலைவிதி" என்று வீட்டார் ஓய்ந்துவிடுவதுண்டு. அது தவறு என்பதே நமது அபிப்பிராயம்.

அவசரகாலத்தில், 1948-இல் ஜொகூரில் பிடிபட்ட சாம்பசிவம், தோட்டா வைத்திருந்த குற்றச்சாட்டிலிருந்து விடுதலையானார். துப்பாக்கிக் குற்றச்சாட்டிலோ மறுவிசாரணை நடந்து, தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அப்பீல் கோர்ட்டும் கைவிட்டது. லண்டன் பிரிவி கவுன்சில் 1950-இல் தண்டனையை ரத்துச் செய்தது. முன்பு கிடைத்த விடுதலையை மறுவிசாரணையும் மதித்தாக வேண்டும் என்றது.

தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியின் அப்பீலோ தள்ளுபடியாயிற்று. 1949 மே 4-இல் அவர் தூக்கிலிடப்பட்டார். அப்பீல் எல்லோரையும் காப்பதில்லை, மெய்தான். ஆனால் மனுவே போடாமல் நியாயம் தேடி வருமென்று காத்திருக்கலாமா?

1978 முதல் கிரிமினல் அப்பீல் லண்டனுக்குப் போவதில்லை. மாஜிஸ்திரேட் தீர்ப்பின்மேல் ஹைகோர்ட்டுக்குப் போகலாம். 14 நாளுக்குள் அப்பீல் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டவர், தண்டனையைப் பற்றி மட்டுமே அப்பீல் செய்யலாம். ஆகவே வக்கீலைக் கேளாமல் தலையாட்டாதீர். பணமில்லாத குடிமக்களுக்குத் தேசியச் சட்ட உதவி அறவாரியம் உண்டு.

தொழிலாளத் தோழர்களே, தீர்ப்பு நாளைக் குறித்து வையுங்கள். கிராணிமாரே, மனு எழுத உதவுங்கள். தவறிய நாள் திரும்பாது.