எட்டும் துப்பாக்கி எது?

2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிள் பிரிவில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றார். அதுமுதல் என் நண்பர் சிலர்க்குத் தொலைதூர இலக்கைச் சுடும் ஆசை பிறந்துள்ளது. ஆசை நன்று; ஆனால் எதில் தொடங்குவது? 0.22 அங்குலத் துப்பாக்கியே வேண்டும் என்பர் அவர். 4.5 மில்லிமீட்டர் காற்றுத் துப்பாக்கியே போதும் என்பேன் நான்.

முன்னதற்கு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். தோட்டாவுக்கும் செலவு மிகுதி. தோல் ஷாப்பில் கூலி வேலை செய்யும் என் தந்தையிடம் அதைக் கேட்க நா எழாது. காற்றுத் துப்பாக்கியோ, ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாதிருப்பின் உரிமமின்றி வாங்கலாம். ஈயக் குண்டும் மலிவு.

பத்து மீட்டர்தானே என்று இகழ வேண்டா. பத்து மதிப்பெண் தரும் புள்ளியின் விட்டம் அங்கே அரை மில்லிமீட்டர்! மூச்சையடக்கி, விசையை மெல்ல அழுத்தும் பொறுமையை அதுவே கற்பிக்கும். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா பெற்ற தங்கமும், 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் பெற்ற தங்கமும் பத்து மீட்டரில் கிடைத்தவையே.

ஆயினும் அது விளையாட்டுப் பொருளன்று. எங்கள் அமிர்திக் காட்டுப் பறவைமேல் குறிவைப்பவன் வீரனல்லன். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தின்முன் குற்றவாளி.

ஆளுக்கொரு துப்பாக்கி நம்மால் இயலாது. கல்லூரிக் கூடமொன்றில் உறுதியான தடுப்புச் சுவரும், ஆசிரியர் மேற்பார்வையும், இரண்டே துப்பாக்கிகளும் அமைந்தால் நூறு பேர் பயிலலாம். கூலிக்காரன் மகனின் கண்ணும் கூர்மையானதே. அதற்கொரு இலக்கை இக்கல்லூரி காட்டட்டும்!

— இரண்டாமாண்டு இயற்பியல் மாணவன்