பழைய டிராக்டரை டிரெய்லரில் ஏற்றும்போது... கவனிக்க வேண்டிய விஷயங்கள்!

ஜேடர்பாளையம் படுகை அணையிலிருந்து பிரியும் ராஜவாய்க்காலை நம்பி கரும்பு, வாழை, வெற்றிலை விளையும் ஊர்களில், டிராக்டர் வீட்டில் ஒரு ஆள் மாதிரி. 20 வருடம் உழைத்த வண்டி விற்பனைக்கோ பெரிய ரிப்பேருக்கோ வெளியூர் கிளம்பும்போது, அதை லாரியிலோ லோ-பெட் டிரெய்லரிலோ ஏற்ற வேண்டியிருக்கும். லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல் பக்கத்திலேயே இருப்பதால் வண்டி கிடைப்பது சிரமமில்லை. ஏற்றுகிற பத்து நிமிடத்தில் காட்டும் அவசரம்தான் உயிருக்கு உலை வைக்கிறது.

எடையைக் கணக்குப் போடுங்கள்

35 முதல் 40 குதிரைத்திறன் கொண்ட டிராக்டர் சுமார் 1,800 கிலோ இருக்கும். இழுவைக்காகப் பின் டயர்களில் தண்ணீர் நிரப்பியிருந்தால், டயருக்கு 150 லிட்டர் என்று வைத்தாலும் 300 கிலோ கூடும். ரோட்டவேட்டரையும் கழற்றாமல் ஏற்றினால் இன்னும் சுமார் 400 கிலோ. ஆக மொத்தம் இரண்டரை டன்! இதைச் சின்ன பிக்கப் வண்டியில் ஏற்றினால் பிரேக் நிற்காது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அதிக பாரத்துக்கு அபராதமே 20,000 ரூபாய். கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய்.

ரிவர்ஸில் ஏற்றுவதே நல்லது

டிராக்டரின் பாரம் பெரும்பாலும் பின்பக்கம்தான். செங்குத்தான ராம்ப்பில் நேராக ஏறும்போது முன்சக்கரம் தூக்கினால், ஓட்டுபவர் கிளட்ச்சை மிதிப்பதற்குள் வண்டி மல்லாந்துவிடும். பழைய வண்டிகளில் ஓட்டுபவரைக் காக்கும் கம்பிச் சட்டமும் இருக்காது. ரிவர்ஸில் ஏற்றினால் இந்த ஆபத்து இல்லை.

லோ கியரில் மெதுவாக ஏற்ற வேண்டும். நடுவழியில் கிளட்ச்சை மிதிக்கவோ கியர் மாற்றவோ கூடாது. வயலில் திரும்புவதற்காகத் தனித்தனியாக இருக்கும் இரண்டு பிரேக் பெடல்களையும் முதலில் கொக்கி போட்டு இணைத்துவிட வேண்டும். ஒற்றை பிரேக் பிடித்தால் வண்டி ராம்ப்பிலேயே ஒருபக்கம் இழுத்துக்கொண்டு போகும். ஓடாத வண்டி என்றால் வின்ச் வைத்து இழுப்பதே சரி. ஆட்கள் பின்னால் நின்று தள்ளக் கூடாது. வேடிக்கை பார்க்கும் குழந்தைகளையும் தூரத்தில் நிறுத்துங்கள்.

கயிறு போதாது

சடன் பிரேக் போட்டால், சரக்கு தன் எடையில் சுமார் 80 சதவிகித விசையோடு முன்னால் பாயும் என்று வைத்தே கட்டு போடுவார்கள். 1,800 கிலோ டிராக்டருக்கு அது 1,440 கிலோ. இதைக் கயிறு தாங்காது. நான்கு மூலைக்கும் தனித்தனிச் சங்கிலியோ, கனமான ராட்செட் பெல்ட்டோ தேவை. அச்சிலும் சேஸிஸிலும் கட்டலாம். ஸ்டீயரிங் ராடில் கட்டவே கூடாது. ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹைட்ராலிக் கைகளைக் கீழே இறக்கிவிட வேண்டும்.

பலரும் மறப்பது ஒன்று உண்டு. பழைய டீசல் இன்ஜினுக்கு ஸ்டார்ட் ஆக சாவி தேவையில்லை. கியரில் இருக்கும் வண்டி கொஞ்சம் உருண்டாலே உயிர் பெற்றுவிடலாம். அதனால், இன்ஜினை அணைக்கும் குமிழை இழுத்தபடியே வைத்து, டீசல் குழாயையும் மூடிவிடுவது நல்லது.

கிளம்பிய பிறகும்...

வண்டி குலுங்கும்போது டயர் அமுங்கி, சங்கிலி தளரும். பரமத்தி வேலூர் போய் நான்குவழிச் சாலையில் ஏறும் முன் ஓரமாக நிறுத்தி, எல்லாக் கட்டையும் ஒருமுறை இறுக்கிவிட வேண்டும். அதற்கு முன், ஊர்ச் சாலைகளில் தாழ்வாகத் தொங்கும் மின்கம்பிகளையும் கவனிக்க வேண்டும். நிமிர்ந்து நிற்கும் சைலன்சர்தான் முதலில் அதில் உரசும். கழற்ற முடிந்தால் கழற்றிவிடலாம்.

ஆர்.சி. புத்தகம், இன்ஷூரன்ஸ் நகல் டிரைவர் கையில் இருக்கட்டும். இருட்டில் ஏற்றுவதைத் தவிர்த்து, விடிந்த பிறகு ஏற்றலாம். 20 வருடம் வீட்டுக்கு உழைத்த வண்டிக்காக அரைமணி நேரம் காத்திருப்பது ஒன்றும் பெரிய விஷயமில்லையே!