கல்லறையைக் காணோம்!

நாட்டின் பழஞ்சின்னங்களுக்குக் காவல்காரன், 1861-இல் பிறந்த தொல்பொருள் ஆய்வுத்துறை. அந்தக் காவல்காரனே பொருளைத் தொலைத்துவிட்டு நிற்கிறான்! 3,693 சின்னங்களில் 50 இல்லை என்று 2022-இல் நாடாளுமன்றக் குழுவிடம் நடுவண் அரசே சொன்னது. நகரம் விழுங்கியவை 14. அணைநீரில் மூழ்கியவை 12. மீதி 24 இருக்கும் இடமே தெரியவில்லையாம்! நாம் வாழும் இந்த டில்லியின் பாராகம்பா கல்லறையும் அவற்றுள் ஒன்று. தேடினார்களா? 2024-இல் அதையும் சேர்த்து 18 சின்னங்களைப் பட்டியலிலிருந்து நீக்க அறிவிக்கை விட்டார்கள்.

காவலுக்கு 7,000 பேர் வேண்டுமாம். போட்டதோ 248 இடங்களில் 2,578 பேர். பணமில்லையாம்.

ஆனால் புல்டோசருக்குப் பஞ்சமில்லை. 2023-இல் துக்ளகாபாத் கோட்டைப் பகுதியில் ஏழைகளின் வீடுகள் தரைமட்டமாயின. நீதிமன்ற ஆணைதான், மறுக்கவில்லை. கோட்டை காக்கப்பட வேண்டும் என்பதிலும் நமக்கு இரண்டு கருத்தில்லை. ஆனால் அத்தனை வீடுகளும் ஒரே இரவில் முளைத்தனவா? செங்கல் ஏறியபோது துறை எங்கே தூங்கியது? வீடிழந்தவர்களில் பலர் நம்மைப் போலப் பிழைப்புக்காக ஊர்விட்டு வந்தவர்கள். இடிப்பதற்கு முன் மாற்றிடம் எங்கே என்று நாம் கேட்கிறோம்.

இன்னொன்றும் கேட்கிறோம். காணாமற்போன அந்த 24 சின்னங்களையும் துறையின் அலுவலர் கடைசியாக நேரில் பார்த்தது எந்த ஆண்டு?