வைத்தியம் இலவசம், படுத்த நாளுக்கு யார் பொறுப்பு?



படுவான்கரையிலிருந்து மண்முனைப் பாலத்தைத் தாண்டி நகரத்துக்கு வேலைக்கு வரும் ஒரு சகோதரியை எனக்குத் தெரியும். யுத்தத்தில் கணவனை இழந்தவர். நான்கு பேர் வேலை செய்யும் தையல் கடையொன்றில் துண்டுக்கணக்கில் சட்டை தைக்கிறார். அவருக்கு அரசாங்க வைத்தியசாலையில் கர்ப்பப்பைச் சத்திரசிகிச்சை நடந்தது. அங்கு ஒரு சதமும் கேட்கவில்லை. ஆனால் வெளியில் எடுக்கச் சொன்ன பரிசோதனை, ஆட்டோக் கூலி, பிள்ளைகளின் சாப்பாடு, வேலைக்குப் போகாத ஆறு கிழமை எல்லாம் சேர்ந்து அவரது தோட்டை அடகுக் கடைக்குக் கொண்டுபோய்விட்டன.

"கடைக்கார அக்காவிடம் கேட்கவில்லையா?" என்றேன்.

"அவவும் நம்மளப் போலதான். கடன் எடுத்து மெசின் வாங்கினவ. என்னெண்டு கேக்கிற?" என்றார்.

சிறு தொழில் நடத்துபவர்களும் தமது ஊழியர்களுக்கு மருத்துவக் காப்புறுதி எடுத்துக் கொடுக்கவேண்டும் என்று நாம் வற்புறுத்தலாமா?

எமது நாட்டில் அரச ஊழியர்களுக்கு அக்ரஹார காப்புறுதி உண்டு. தனியார் துறையில் மருத்துவக் காப்புறுதி கட்டாயமில்லை. இந்தியாவில் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தொழிலாளர் காப்புறுதித் திட்டமொன்று இருக்கிறது. 2019 முதல் சம்பளத்தில் முதலாளி 3.25 வீதமும் தொழிலாளி 0.75 வீதமும் செலுத்துகின்றனர். ஆனால் பொதுவாகப் பத்துப் பேராவது வேலை செய்யும் இடங்களுக்கே அது பொருந்தும். நான்கு பேர் தைக்கும் கடை அங்கும் வெளியில்தான் நிற்கும்.

தனியார் காப்புறுதிக் கம்பனிக்குப் பணம் கட்டும்படி கடைக்கார அக்காவை நெருக்கினால், அவர் ஓர் ஆளைக் குறைப்பார். குறைக்கப்படுபவர் வயது போனவராகவோ நோயாளியாகவோ இருப்பார். ஆகவே அதை நான் முதலில் கேட்கமாட்டேன்.

ஆனால் "சின்னக் கடைதானே" என்று சட்டத்தில் ஏற்கனவே உள்ளதையும் விட்டுவிடக் கூடாது. 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க ஊழியர் நம்பிக்கை நிதியச் சட்டப்படி, ஓர் ஊழியர் இருந்தாலும் முதலாளி தன் கையிலிருந்து 3 வீதம் செலுத்தவேண்டும். அதைச் சம்பளத்தில் வெட்ட முடியாது. துண்டுக்கணக்கில் வேலை செய்பவருக்கும் இது உரியது. அங்கத்தவருக்கு இருதய சத்திரசிகிச்சை, கண்வில்லை, சிறுநீரக மாற்று, வைத்தியசாலையில் தங்கிப் பெறும் சிகிச்சை ஆகியவற்றுக்கு நிபந்தனைகளுடன் உதவி உண்டு. அந்தச் சகோதரிக்கு முழுச் செலவும் கிடைத்திருக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் போய்க் கேட்பதற்கு ஓர் அங்கத்துவ இலக்கம் இருந்திருக்கும்.

இதைவிட ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் கட்டவேண்டும். சம்பளம் 30,000 ரூபாய் என்றால் இரண்டு நிதிக்குமாக முதலாளியின் பங்கு 4,500 ரூபாய். சிறு கடைக்கு இது பாரம்தான். பிந்தினால் தண்டப்பணமும் சேரும். அதனால்தான் சட்டைக்கு விலை போடும்போதே நூல், மின்சாரம் போல இதையும் கணக்கில் சேர்க்கவேண்டும். சுயதொழில் செய்பவரும் நம்பிக்கை நிதியத்தில் சேரலாம் என்பதால் கடைக்கார அக்காவும் தனக்கென ஓர் இலக்கம் எடுக்கலாம்.

வற்புறுத்தவேண்டிய இன்னோர் இடமும் உண்டு. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது இலவச வைத்தியம் இருந்தும் மருந்துச் சீட்டோடு கடை கடையாக அலைந்தோம். அரசாங்க வைத்தியசாலையில் மருந்தும் பரிசோதனையும் இருக்கச் செய்வது அரசின் பொறுப்பு. அதை ஒரு தையல் கடையின் தலையில் ஏற்ற முடியாது.

சகோதரிகளே, இந்த மாதம் உங்கள் வேலைத்தளத்தில் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். எனது பெயர் பதியப்பட்டிருக்கிறதா? எனது இலக்கம் என்ன? தனியே கேட்கப் பயமென்றால் நான்கு பேரும் சேர்ந்து கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் தொழில் திணைக்களத்தில் விசாரியுங்கள். கேட்பது சண்டையல்ல, அது உங்கள் உழைப்பின் கணக்கு.