பம்பரில் பகட்டு, டயரில் சிக்கனம்

விடுமுறை என்றால் ஊருக்கு ரயில் டிக்கெட் தேடுவது மட்டுமே என்றிருந்த நம் தில்லித் தமிழ்க் குடும்பங்கள், இப்போது சொந்த ஜீப்பில் ஸ்பிதி, லடாக் என்று கிளம்புகின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் கிளம்புமுன் கரோல்பாக் கடைகளில் அவர்கள் முதலில் வாங்குவது என்ன? முன்பக்கத்துக்கு ஓர் இரும்புத் தடுப்பு, கூரைமேல் விளக்கு வரிசை!

அந்தத் தடுப்பு மோதலின் அதிர்ச்சியை நேரே சேஸிஸுக்குக் கடத்தும். ஏர்பேக் உரிய நேரத்தில் விரியாமல் போகலாம். பாதசாரிக்கோ எமன். 2017 டிசம்பரிலேயே, இவற்றின்மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

செலவு செய்ய வேண்டிய இடம் டயர். கம்பெனி கொடுப்பது பெரும்பாலும் தார்ச்சாலைக்கானது. அதே அளவில் 'ஆல் டெரெய்ன்' டயர் மாற்றினால் கூர்ங்கல்லும் சேறும் அவ்வளவாக மிரட்டாது. பெரிய அளவுக்கு ஆசைப்பட வேண்டாம். ஸ்பீடாமீட்டர் குறைத்துக் காட்டும், பிரேக்குக்கும் பாரம். ஜெய்சல்மேர் மணலில் 30 பவுண்டு காற்றை 18-க்கு இறக்கினாலே வண்டி மிதந்து போகும். தார்ச்சாலை ஏறியதும் திரும்ப நிரப்ப, பேட்டரியில் ஓடும் சிறு கம்ப்ரசர் போதும்.

அடுத்தது கயிறு. வண்டியோடு வரும் திருகு கொக்கி, பழுதான வண்டியைச் சமதளத்தில் மெல்ல இழுக்கத்தான். சேற்றில் புதைந்ததை வெட்டி இழுத்தால் அது பிய்த்துக்கொண்டு குண்டு போலப் பாயும். சேஸிஸில் போல்ட் போட்டு முடுக்கிய கொக்கியும், நீண்டு கொடுக்கும் நைலான் கயிறும் வேண்டும். இழுக்கும்போது பிள்ளைகள் கயிற்றின் நீளத்தைப்போல் இரு மடங்கு தள்ளி நிற்கட்டும்.

சிலர் 'ஸ்நோர்கல்' குழாய் மாட்டிவிட்டு ஆற்றில் இறங்கலாம் என்கிறார்கள். குழாய் எஞ்சினுக்குள் தண்ணீர் போகாமல் தடுக்கும். வண்டியை வெள்ளம் இழுப்பதைத் தடுக்காது. 2023 டிசம்பரில் லாஹௌலில் சந்திரா நதிக்குள் ஜீப் ஓட்டியவருக்குப் போலீஸ் அபராதம் போட்டது, சரிதான். காஜா வழியில் குறுக்கிடும் நாலாக்கள் வேறு விஷயம், கடந்துதான் ஆகவேண்டும். வெயில் ஏற ஏறப் பனி உருகி, பிற்பகலில் தண்ணீர் பெருகும். விடியற்காலையில் கிளம்பிக் காலையிலேயே கடந்துவிடுங்கள். கூடவே இன்னொரு குடும்பத்தின் வண்டியும் வரட்டும், கயிற்றின் மறுமுனைக்கு.