நூறு பேர் வந்தா கொட்டகை எழும்பிடுமா?

'விட்னஸ்' (1985) படத்துல ஆமிஷ் மக்கள் ஒரே நாள்ல பெரிய மரக் கொட்டகையை நிமிர்த்துற காட்சி ஞாபகம் இருக்கா? பென்சில்வேனியா, ஒஹாயோ பக்கம் நிஜமாவே நடக்கிறதுதான். ஒருத்தரோட கொட்டகை எரிஞ்சா, ஊரே கூலி வாங்காம வந்து கட்டிக்கொடுக்கும். இன்ஷூரன்ஸ் கம்பெனி பக்கம் பெரும்பாலும் போகாத சனங்களுக்கு அதுதான் இன்ஷூரன்ஸ்.

ஒற்றுமையே பலம்னு சிலாகிக்கிறோம். சரிதான், ஆனா பாதிதான். பழைய பாணிக் கொட்டகைன்னா, எந்தக் கட்டையோட நாக்கு எந்தத் துளையில உட்காரணும்னு தச்சர் முன்னாடியே அளந்து வெட்டி வச்சிருக்கணும். இல்லேன்னா நூறு பேரும் வேடிக்கைதான் பார்ப்பாங்க.

லேட்டான ப்ராஜெக்ட்ல ஆள் சேர்த்தா இன்னும் லேட்டாகும்னு ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1975லயே எழுதிட்டார். பொட்டி தட்டுற நமக்குத் தெரியாததா?

சும்மா வர்றவங்களைக் கூப்பிடறது சுலபம்ங்க. வந்தவங்க கையில உருப்படியா ஒரு வேலையைக் கொடுக்கிறதுதான் அவங்களுக்கு மரியாதை.